நொண்டியது எந்தக் கால்

நான் கால்நடை மருத்துவராக வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில் ஓர் அரசு மருந்தகம். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்த ஓர் இரும்புக் கூண்டு, நான், என்னுடன் ஓர் உதவியாளர். கணவருக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை என்பதால் கல்பாக்கத்தில் குடியிருந்தோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே பேசுவது எனக்கு முதலில் பாதிதான் புரிந்தது. ஒருவர் வந்து, "கன்னு துன்ன மாட்டேங்குது, பேஜாரா கீது" என்பார். நான் உதவியாளரைப் பார்ப்பேன். அவர் எனக்காக அதையே நிதானமாக இன்னொரு முறை சொல்வார். அவர் சொல்வதும் அதே தமிழ்தான், மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை காலை என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்த பெண் அனுப்பியது. கடலோர விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. நாற்பது வயது இருக்கும். ஒரு முறை கன்றுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்து என் எண்ணை வாங்கிப் போயிருந்தாள். வீடியோ அவளுடைய நெற்றியில் தொடங்கியது. பிறகு கொஞ்சம் வானம், ஒரு சவுக்கு மரம், கடைசியில் ஒரு பழுப்பு நிற ஜெர்சி கலப்பினப் பசு. பசு மணலில் நாலைந்து அடி நடந்தது. பின்னங்கால் ஒன்றை ஊன்றும்போது தலையும் இடுப்பும் ஒரு மாதிரி அசைந்தன. கூடவே குரல் பதிவு: "மேடம், மாடு பின்னங்கால் நொண்டிகினு கீது. நேத்துலேர்ந்து. நான் டூட்டிக்குப் போறேன், வூட்டுக்காரர் இருப்பாரு, வந்து பாருங்க."

நான் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். வலது பின்னங்கால். நோட்டில் அப்படியே எழுதினேன். அவள் கணவருக்குப் போன் செய்து, "அண்ணே, நான் வர்றதுக்குள்ள வலது பின்னங்காலைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டி வையுங்க" என்றேன். போனவுடன் வேலையைத் தொடங்கலாம், நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். அடுத்து முட்டுக்காடு பக்கம் ஒரு வீட்டில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது.

அவள் கணவர் கருங்கல் சிற்பக்கூடத்தில் மெருகு போடும் வேலை செய்பவர். உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தூசி. சிற்பக்கூடம் அவர்கள் வீட்டை ஒட்டியே இருந்தது, நடுவில் ஒரு வேலி. நாங்கள் போனபோது அவர் சொன்னபடியே செய்திருந்தார். மாடு சவுக்கு மரத்தில் கட்டப்பட்டு, வலது பின்னங்கால் தூக்கப்பட்டு, மூன்று காலில் தடுமாறிக்கொண்டு நின்றது. உதவியாளர் ஓடிப்போய் இடுப்பைத் தாங்கிக்கொண்டார்.

"சீக்கிரம் மேடம், உழுந்துரும் போல கீது" என்றார் கணவர்.

குளம்பைக் கழுவி, கத்தியால் மேலாகச் சுரண்டினேன். இரண்டு குளம்புகளுக்கும் நடுவே, வெளிக்குளம்பின் ஓரத்தில், ஒரு கருங்கல் சில்லு சொருகியிருந்தது. நகத்தின் பாதி அளவு. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் கூர். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கல்லூரியில் ஐந்து வருஷம் படித்ததற்கு அந்தச் சில்லுதான் பதில் என்பதுபோல உள்ளங்கையில் வைத்துக் கணவரிடம் காட்டினேன்.

"இதாண்ணே. உங்க பட்டறைக் கல்லு."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "இது எங்க பட்டறைக் கல்லு இல்ல மேடம். இது பக்கத்துப் பட்டறை" என்றார். நிறத்தை வைத்துச் சொன்னாரா, தன் பட்டறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னாரா, தெரியவில்லை.

மருந்து வைத்தேன். வலிக்கும் வீக்கத்துக்கும் ஓர் ஊசி, கிருமிக்கு ஓர் ஊசி. சில நாள் பாலைக் கறந்து கொட்டிவிடச் சொன்னேன். மாட்டை நடக்க வைத்துப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. காரணம் கையில் இருந்தது, வேறு எதைப் பார்ப்பது?

மறுநாள் அவள் பேசினாள். "நல்லா கீது மேடம். நேரா நடக்குது." வெள்ளியும் அப்படித்தான். சனிக்கிழமை, "கொஞ்சம் நொண்டுது மேடம்." ஞாயிறு, "முன்ன மாதிரியே ஆயிடுச்சி."

வலியை மறைக்கும் ஊசி போட்டால் எந்தக் காலில் என்ன இருந்தாலும் இரண்டு மூன்று நாள் மாடு நன்றாகத்தான் நடக்கும். இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியது வேறு. அந்தச் சுற்று வட்டாரத்தில் அப்போது மூன்று நாள் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. ஈ, கொசு கடித்து வரும் காய்ச்சல். அதில் மாடு ஒரு நாள் ஒரு காலில் நொண்டும், மறுநாள் இன்னொரு காலில். கல் எடுத்த கால் ஆறிவிட்டது, இப்போது காய்ச்சல் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு திங்கள்கிழமை போனேன்.

அன்று அவளும் இருந்தாள். வேலை முறை மாறி மதியம்தான் போக வேண்டுமாம். மாட்டுக்குக் காய்ச்சல் பார்த்தேன். நூற்றொன்றரை டிகிரி. மாட்டுக்கு அது சரியான சூடு. காய்ச்சல் இல்லை. அசை போட்டது. மூக்கு ஈரமாக இருந்தது. ஆனால் முதுகு வில்லாக வளைந்திருந்தது. மணலில் நாலு அடி நடத்தச் சொன்னேன். நான் நின்ற இடம் வலது பக்கம். என் கண் வலது காலை விட்டு நகரவில்லை. அந்தக் கால் மணலில் கோடு கிழித்துக்கொண்டு இழுபட்டு, சட்டென்று விழுந்தது. மறுபடி இழுபட்டது, விழுந்தது.

அப்போது எனக்கு மூன்றாவது காரணம் கிடைத்தது. முட்டிச் சில்லு. பின்னங்காலின் முட்டிச் சில்லு மேலே ஏறி மாட்டிக்கொண்டால் காலை மடக்க வராது, இழுத்து இழுத்து வைக்கும். நம் ஊர் மாடுகளில் அடிக்கடி வருவதுதான். தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு ஒரு தசைநாரை வெட்டிவிட்டால் அந்த நிமிஷமே நடக்கும். கல்லூரியில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை.

நான் வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நின்றாள்.

"அந்தக் காலா மேடம்?" என்றாள்.

"ஆமாக்கா."

"எனக்கு இன்னாமோ அந்தாண்ட கால் மாதிரி..." என்று இழுத்தாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பார்க்கிறதுக்கு அப்படித்தான்க்கா தெரியும். வலிக்கிற கால் ஒண்ணு, நமக்குத் தெரியிற கால் ஒண்ணா இருக்கும்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அப்படி நடப்பதுண்டு. அவள் சரி என்று தலையாட்டினாள். கணவர் வேலியில் கையை வைத்து நின்றபடி, "டாக்டருக்குத் தெரியாதா, நீ சும்மா இரு" என்றார். அவள் சும்மா இருந்தாள்.

அடுத்த திங்கள்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தேன். அது வரை ஓய்வு. மாட்டைக் கடற்கரைப் பக்கம் மேயவிட வேண்டாம் என்றேன்.

அந்த வாரம் நிம்மதி இல்லை. காலையில் முட்டிச் சில்லுதான் என்று உறுதியாக இருப்பேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, அப்படியானால் ஊசிக்கு ஏன் சரியானது என்று தோன்றும். முட்டிச் சில்லு மாட்டியிருந்தால் ஊசிக்குச் சரியாகாது. சாயங்காலம் வேறு யோசனை வரும்: ஒருவேளை கல் எடுத்த இடத்தில் உள்ளுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அப்படியானால் கால் ஏன் வீங்கவில்லை? உதவியாளரிடம் கேட்டேன். இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். "நானும் பார்த்துகினுதான் கீறேன் மேடம். ஒரு நேரம் இந்தக் கால்னு தோணுது, ஒரு நேரம் அந்தக் கால்னு தோணுது. மணல்ல எல்லா மாடும் நொண்டுற மாதிரிதான் கீது" என்றார். அவர் கடைசியாகச் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னுடன் படித்த தோழி ஒருத்திக்கு அந்த முதல் வீடியோவை அனுப்பினேன். அவள் அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கே கீறுவது, எவ்வளவு ஆழம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினேன். நோய் என்ன என்று கேட்கவில்லை.

அரை மணி கழித்துக் கூப்பிட்டாள்.

"நீ இப்ப எங்க இருக்க? தமிழ்நாட்டுலதானே?"

"ஏன்டி?"

"பின்னாடி ஒரு போர்டு இருக்கு பாரு. அது என்ன எழுத்து? மலையாளமா?"

நான் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சிற்பக்கூடத்தின் பெயர்ப் பலகை. சிவப்பு எழுத்து. அத்தனை முறை பார்த்தும் அந்தப் பலகையை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் படிக்க வரவில்லை. கொஞ்ச நேரம் நானும் அது வேறு மொழி என்றே நினைத்தேன். பிறகு, எந்த யோசனையும் இல்லாமல், போனை எடுத்துக்கொண்டு போய்க் கைகழுவும் இடத்தில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடியில் 'சிற்பக்கூடம்' என்று தெளிவாகத் தெரிந்தது.

வீடியோவில் எழுத்து திரும்பியிருக்கிறது. எழுத்து திரும்பியிருந்தால் மாடும் திரும்பியிருக்கிறது.

முதலில் நான் நம்பவில்லை. போனை இறக்கினேன், ஏற்றினேன். கண்ணாடியில் மாடு இடது பின்னங்காலில் நொண்டியது, போனில் வலது பின்னங்காலில் நொண்டியது. எது நிஜம், எது கண்ணாடி என்று ஒரு கணம் எனக்கே குழம்பிவிட்டது. என் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். என் கணவர் வந்து, "என்ன பண்ற?" என்று கேட்டார். "எது என் வலது கை?" என்றேன். அவர் காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவளுக்குப் போன் செய்தேன். விடுதியில் வேலையில் இருந்தாள், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்த வீடியோ எந்தக் கேமரால எடுத்தீங்க?"

"முன்னாடி கேமரால மேடம். பின்னாடி கேமரா போயிடுச்சி. துணி ஊற வெக்கிற தொட்டில போன் உழுந்திச்சி, அதுலேர்ந்து வேலை செய்ல. ஏன் மேடம்?"

சில போன்களில் முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றித்தான் எடுக்கும். ஏன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்கு நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். நான் வெட்ட இருந்தது நல்ல காலில் இருந்த நல்ல தசைநாரை. நாற்காலியில் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அதோடு இன்னொரு குழப்பம். வலது காலில் கல் இருந்தது உண்மை. அதை என் கையால் எடுத்தேன். அது எப்படி?

திங்கட்கிழமை காலை அறுவைக் கத்தி எடுத்துப் போகவில்லை. போனதும் கணவரிடம், "அண்ணே, மாட்டை உங்க பட்டறைக்குள்ள கூட்டிட்டு வர முடியுமா? சிமெண்டுத் தரையில நடக்க வைச்சுப் பார்க்கணும்" என்றேன். மணலில் கால் புதைந்துவிடும், வலி கொஞ்சம் மறைந்துவிடும். கெட்டித் தரையில் மறைக்க முடியாது. இதுவும் படித்ததுதான்.

பட்டறை முதலாளி ஒரு மணி நேரம் தந்தார். பாதி முடிந்த நந்திகளும் விநாயகர்களும் நின்ற நீளமான சிமெண்டுத் தளம். எட்டுப் பத்துப் பேர் மெஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் காதில் விழாத சத்தம். கணவர் கையைத் தூக்கினார். ஒவ்வொரு மெஷினாக நின்றது. தூசி இறங்கியது. பிறகு மாடு நடந்தது.

குளம்புச் சத்தம் கேட்டது. மூன்று அடி அழுத்தமாக, ஓர் அடி லேசாக. மூன்று அழுத்தம், ஒன்று லேசு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தேன். பிறகு திறந்து பார்த்தேன். இடது பின்னங்கால் தரையைத் தொட்டும் தொடாமல் போனது. அதில் பாரம் போட முடியாததால் வலது காலைச் சரியாகத் தூக்காமலேயே அவசர அவசரமாக இறக்கியது. மணலில் கோடு கிழித்தது அந்த அவசரம்தான். ஒரு முறை பார்த்த பிறகு வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை.

"இடது கால்" என்றேன்.

அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

கல் தூக்குவதற்கு அங்கே மூன்று கால் வைத்த ஒரு சட்டமும் சங்கிலிக் கப்பியும் இருந்தன. கணவர் அகலமான ஒரு பட்டையை மாட்டின் இடது காலில் சுற்றி, கப்பியை மெதுவாக இழுத்தார். டன் கணக்கில் கல்லைத் தூக்குகிறவர், ஒரு மாட்டின் காலைத் தூக்க அவ்வளவு பயந்தார். "போதுமா? போதுமா மேடம்?" என்று ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டார்.

வெளிக்குளம்பின் அடியில், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், குண்டூசித் தலை அளவு ஒரு கரும்புள்ளி. கட்டை விரலால் அழுத்தினேன். மாடு உதறியது. அதன் மேல் குளம்புக் கத்தியை வைத்துச் சீவினேன். ஒரு சீவல், இன்னொரு சீவல், புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. ஐந்தாவது சீவலில் சாம்பல் நிறத்தில் ஒரு திரவம் பீய்ச்சியடித்தது, என் மூக்குக்கண்ணாடியில், சட்டையில். நாற்றம் சொல்லி முடியாது. கல் அறுக்கிறவர்கள் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மாடு நீளமாக ஒரு மூச்சு விட்டது. உதவியாளர், "வந்துடுச்சி" என்றார்.

சுற்றியிருந்த செத்த பகுதியையெல்லாம் சீவி எடுத்தேன். கழுவினேன். அந்தக் குளம்பு தரையில் படாமல் இருந்தால்தான் ஆறும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல குளம்பின் அடியில் ஒரு கட்டையை ஒட்டி உயரமாக்க வேண்டும். மாடு அந்த ஒரு குளம்பில் நிற்கும், புண்ணுள்ள குளம்பு காற்றில் இருக்கும். கட்டையும் ஒட்டும் பசையும் என்னிடம் இல்லை. செங்கல்பட்டுக்குப் போய்த் தேட வேண்டும் என்றேன்.

"எவ்ளோ உசரம்?" என்றார் கணவர்.

விரலைக் காட்டினேன். அவர் ஒரு வேப்பங்கட்டையை அறுத்து, குளம்பின் வடிவத்துக்கு மெஷினில் தேய்த்து, ஓரத்தைக்கூட உருட்டிக் கொண்டுவந்தார். உடைந்த சிலையின் கை, மூக்கு ஒட்டுவதற்கு இரண்டு பசையைக் கலந்து பூசுவார்கள் அங்கே. அதையே பூசினோம். இறுகும்போது சூடாகிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஒட்டிச்சின்னா யானை மிதிச்சாலும் வராது" என்றார்.

காலை இறக்கினோம். மாடு கொஞ்ச நேரம் தன் கால் தன்னுடையதா என்பதுபோல நின்றது. பிறகு நடந்தது. கட்டை தரையில் வேறு மாதிரி சத்தம் போட்டது. ஆனால் பாரம் போட்டு நடந்தது.

மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. நாங்கள் அவள் வீட்டுக்கு வந்தோம். நான் கை கழுவிக்கொண்டே சொன்னேன். வீடியோ கண்ணாடி மாதிரி திரும்பியிருந்தது, நான் கவனிக்கவில்லை, நடக்க வைத்துப் பார்க்காமல் வேறு காலைப் பார்த்துவிட்டேன், இரண்டு வாரம் மாடு வலியில் இருந்ததற்கு நான்தான் காரணம், நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், நான் கேட்கவில்லை.

அவள் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும் மேடம்" என்றாள். "தெனமும் அத்தப் பார்க்கிறது நானு. எனக்குத் தெரியும். ஆனா நீங்க அந்தக் காலைப் புடிச்சிகினு அவ்ளோ உறுதியா சொன்னீங்களா, எனக்கே சந்தேகமாப் போச்சி. டூட்டிக்குப் போற வழில நானே என் கையைப் பார்த்துக்கினு போனேன், எது சோத்தாங்கை, எது பீச்சாங்கைன்னு."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. குளம்பைச் சீவும்போது அதன் அடியில் அங்கங்கே மஞ்சளும் சிவப்புமாகக் கறை பார்த்தேன். வெளிச் சுவரில் குறுக்கே வரிகள் ஓடின. அது இரண்டு வாரத்துப் புண் இல்லை. மாதக் கணக்காகக் குளம்பு உள்ளே கெட்டு, மெத்தென்று ஆகியிருக்கிறது. அப்படிப்பட்ட குளம்பில்தான் அழுக்கும் கல்லும் சுலபமாக ஏறும். வலது காலில் சில்லு சொருகியதும் அதனால்தான் என்று நினைத்தேன். பெரும்பாலும் அது தீனியால் வரும்.

"மாட்டுக்கு என்ன வைக்கிறீங்கக்கா?"

"வைக்கோலு, தவுடு. அப்பறம் ஓட்டல் சோறு."

"எவ்வளவு?"

அவள் கை காட்டிய இடத்தில் மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. விடுதியில் காலையும் மதியமும் விருந்தினர்கள் சாப்பிட்டு மீந்தது. சோறு, பிரியாணி, ரொட்டி, கேக், சில நாள் பாயசம். தினமும் வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் இரண்டு வாளி கொண்டுவருவாள். சீசன் தொடங்கியதிலிருந்து, நாலைந்து மாதமாக.

நான் சொல்லத் தொடங்கினேன். சோறு மாட்டின் வயிற்றில் சீக்கிரம் புளித்துவிடும், அந்தப் புளிப்பு ரத்தத்தில் போய்க் குளம்பைக் கெடுக்கும், வெளியே தெரியாது.

அவள் கேட்டுக்கொண்டே வந்தவள், மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க துன்றதவிட நல்ல சோறு மேடம் அது" என்றாள். "பாசுமதி அரிசி. எங்கூட வேலை செய்றதுங்க எல்லாம் கேட்கும், உன் மாடு என்ன விருந்தாளியான்னு. பஸ்ல வாளிய மடில வெச்சிகினு வருவேன். ஒரு நாள் ஒரு ஆளு மேல கொட்டிகூடப் போச்சி. அதுக்காகத்தான் தூக்கிகினு வந்தேன். அது நல்லா இருக்கட்டும்னு."

கணவர் வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவியாளர் வெளியே போய் வண்டியைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்திருந்த வண்டியை. வீடியோவைப் பற்றிச் சொன்னபோது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், தப்பு என்னுடையது என்று. இதைச் சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. இரண்டும் உண்மைதான். எதை எந்த வரிசையில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"முழுசா நிறுத்த வேண்டாம்க்கா" என்றேன். "கொஞ்சமா. முதல்ல வைக்கோல், பசும்புல், அப்புறம் ஒரு கை சோறு. இனிப்பு வேண்டாம்."

அவள் தலையாட்டினாள்.

புண் ஆறியது. வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ கட்டை தானாக விழுந்துவிட்டது. யானை மிதிக்கவில்லை, மாடுதான் எங்கோ சவுக்குத் தோப்பில் விட்டுவிட்டு வந்துவிட்டது. அதற்குள் கீழே புதிய தோல் மூடியிருந்தது. பால் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் ஓரளவு ஏறியது. அவள் வாளியை ஒன்றாகக் குறைத்தாள், பிறகு அதையும் நிறுத்தினாள்.

நிறுத்திய வாளிகள் எங்கே போயின என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவளே மருந்தகத்துக்கு வந்தாள், மாட்டுக்குச் சினை ஊசி போட. மாடு கூண்டுக்குள் போனதும் கேட்டாள்:

"மேடம், ஒரு டவுட். எங்க பக்கத்து வூட்டுக்காரிக்கும் ஒரு மாடு கீது. அதுக்கு அவ மூணு வருசமா அதே ஓட்டல் சோத்தத்தான் வெக்கிறா. இப்ப என் வாளியையும் அவதான் தூக்கிகினு போறா. அது குதிச்சிகினு கீது. அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவுல?"

நான் காரணங்கள் சொன்னேன். ஒவ்வொரு மாட்டுக்கும் வயிறு ஒவ்வொரு மாதிரி. கன்று போட்ட நேரம், நிற்கிற இடம், ஈரம், எல்லாமே இருக்கிறது. சொல்லச் சொல்ல, எதுவும் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அந்த மரியாதையை எனக்கு அடையாளம் தெரிந்தது. முட்டியைத் தடவிக்கொண்டு நான் பேசியபோதும் அப்படித்தான் நின்றாள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன். "நான் வந்து பார்க்கிறேன்."

அந்த வாரமே போனேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் சோற்றை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கறுப்பு மாடு, பளபளவென்று இருந்தது. மாட்டை ஈசிஆரை ஒட்டிய தார்ச் சாலைக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பக்கம் சுற்றுலா வண்டிகள் பறந்துகொண்டிருந்தன, கடல் காற்று காதை அடைத்தது. மாடு எங்களைத் தாண்டி நடந்துபோனது, திரும்பி வந்தது. நான் வலது பக்கம் நின்று பார்த்தேன். சாலையைக் கடந்துபோய் இடது பக்கம் நின்றும் பார்த்தேன்.

நன்றாகத்தான் நடந்தது. ஆனால் முன்னங்கால்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்ததோ என்று இருந்தது. குளம்பு உள்ளே வலிக்கிற சில மாடுகள் அப்படி வைப்பதுண்டு. ஒரு வேளை எல்லா மாடுமே அப்படித்தான் வைக்குமோ. ஒரு வேளை நான் தேடுவதால் தெரிகிறதோ.

"நல்லா கீதா மேடம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். நொண்டிய மாட்டுக்காரியும் அவள் அருகில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை நடக்க வைங்கக்கா" என்றேன்.